நான்காவது சம்மட்டி அடி

மின்கருவி ஆயுள் ஆணையத்தின் ம்பாலே மண்டல அலுவலகம் இரண்டு ஆண்டுகளில் நாலாயிரத்து முந்நூற்றுப் பதினொரு கணினிகளைச் சோதித்திருந்தது. ஒன்றுகூடத் தேறவில்லை. ஆணையம் இதைத் தன் கண்டிப்புக்குச் சான்றாக வாசல் பலகையில் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருந்தது.

சோதனை எளிமையானது. முற்றத்தில் ஒரு சிமெண்டு மேடை. அதன்மேல் கணினியை வைத்து, நான்கு கிலோ சம்மட்டியால் மூன்று முறை அடிப்பார்கள். உடையாவிட்டால் அது நல்ல கணினி. உடைந்தால் பழைய கணினி. பழைய கணினிகளை ஒழிப்பது ஆணையத்தின் கடமை என்பதால், அந்தக் கடமையும் அதே அடியில் முடிந்துவிடும்.

உடைந்ததைப் போட்டுவைக்க ஆணையத்துக்கு இடம் இல்லை. ஆகவே சொந்தக்காரர் ஒரு சாக்கு கொண்டுவந்து அள்ளிக்கொண்டு போக வேண்டும். போகும்போது தொண்ணூறு நாள் செல்லுபடியாகும் தற்காலிக எண் ஒன்று கொடுப்பார்கள். அந்த எண்ணை வைத்துக்கொண்டு, உடைந்த கணினியைத் தொண்ணூறு நாள் சட்டப்படி பயன்படுத்தலாம்.

தேறிய கணினிக்கும் ஏற்பாடு உண்டு. அலுவலகக் கூடத்தில், ஆளுயரத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டி நின்றது. உள்ளே ஒரு விளக்கு எரிந்தது. கீழே பித்தளைத் தகட்டில் 'முதல் தேர்ச்சி' என்று பொறித்திருந்தது. ஓர் ஊழியர் தினமும் காலையில் அதன் உள்ளே இருந்த வெறுமையைத் துடைத்தார்.

கைன்சாவுக்கு அந்த எண் வேண்டியிருந்தது.

அவள் காப்பிக் கூட்டுறவுச் சங்கத்தில் கொட்டைகளைத் தரம் பிரிப்பவள். முந்நூறு கிராம் கொட்டையைத் தட்டில் பரப்பினால், அதில் கறுத்தது எது, பூச்சி அரித்தது எது என்று ஒரே பார்வையில் பொறுக்கிவிடுவாள். மற்றபடி சாது. நாற்காலியில் இடித்துக்கொண்டால் நாற்காலியிடம் மன்னிப்புக் கேட்பாள். சப்பாத்திக்குள் முட்டை வைத்துச் சுருட்டித் தருகிறவன் மீதிச் சில்லறை தர மறந்தால், மறந்தது தன் தவறு என்பதுபோல் நகர்ந்துவிடுவாள். ஆனால் வனாலே அணிக்காகக் கணினியில் சுடும் விளையாட்டில் அமர்ந்தால் வேறு ஆள். அந்தப் போட்டிப் பருவத்தில் மட்டும் அவள் எண்ணூற்று நாற்பது பேரைக் கொன்றிருந்தாள். அதில் ஐந்நூற்றுப் பத்து பேர் தலையில் சுடப்பட்டவர்கள். மலைமேல் கப்சோர்வாவில் இருந்துகொண்டு அணியை நடத்திய செபெட், "நம்ம கைன்சா கோழி அறுக்கச் சொன்னா அழுவா, மனுசன்னா பரவாயில்ல" என்பாள்.

கணினிக்குப் பதினொரு வயது. பருவத்தின் நடுவில் விளையாட்டைப் புதுப்பித்தார்கள். அதன்பிறகு கைன்சாவின் திரையில், அவள் செத்த பின்புதான் அவளைச் சுட்டவன் தெரிந்தான். இறுதிப் போட்டிக்கு இன்னும் இரண்டு மாதம். அவளால் முடியாவிட்டால் ஐவர் அணியில் நால்வர்தான். நால்வர் அணியைப் போட்டி நடத்தும் கழகம் சேர்க்காது.

ஒன்பது மாதச் சேமிப்பில் அவளால் மூன்று பொருள்கள் வாங்க முடிந்தன. யாரோ நான்கு ஆண்டுகள் ஆடிக் களைத்த ஒரு வரைகலை அட்டை. அது கம்பாலாவிலிருந்து பேருந்து இருக்கைக்கு அடியில், கருவாட்டு மூட்டையோடு வந்தது. சுழலும் தட்டுக்குப் பதிலாகச் சுழலாத நினைவுத்தட்டு ஒன்று. ஒரு நினைவகக் குச்சி. அதோடு பணம் தீர்ந்தது. புது அட்டைக்கு வேண்டிய மின்சாரத்தைப் பழைய மின்வழங்கி தராது. ஆகவே செத்த கணினி ஒன்றின் மின்வழங்கியை எடுத்து, இரண்டையும் கம்பியால் பிணைத்தாள். அது பெட்டிக்குள் அடங்காமல் வெளியே தொங்கியது. அட்டை கனமாக இருந்ததால் செருகுமிடம் வளைந்தது. மிதிவண்டி டியூபை நாடாவாகக் கிழித்து, தொட்டில்போல் கட்டித் தொங்கவிட்டாள். தாய்ப்பலகையைத் தாங்கும் பித்தளைத் திருகுகள் என்றோ தொலைந்திருந்தன. அவற்றுக்குப் பதில் தன் ரப்பர்ச் செருப்பு ஒன்றிலிருந்து வட்டங்கள் வெட்டி வைத்தாள். மற்றச் செருப்பு வீணாயிற்று.

கணினி ஓடியது. எதிரிகள் மீண்டும் உயிரோடு தெரிந்தார்கள்.

ஆணையத்தின் எண் இல்லாத கணினியைக் கழகம் போட்டியில் சேர்க்காது. எண் வாங்க ஊரில் ஒரு வழி இருந்தது. மணிக்கூண்டு அருகே பழைய உதிரி விற்ற வெபுகுலு, வெறும் இரும்புப் பெட்டிகளை வாடகைக்கு விட்டான். உள்ளே ஒன்றும் இருக்காது. அதைக் கொண்டுபோய் அடிவாங்க வைத்து, எண்ணை வாங்கிக்கொண்டு, நசுங்கிய பெட்டியை அவனிடம் திருப்பித் தர வேண்டும். அவன் தட்டி நிமிர்த்தி அடுத்தவருக்குக் கொடுப்பான். அவனிடமிருந்த ஒரு பெட்டி ஆணையத்திடம் நூற்று அறுபத்தெட்டு முறை தோற்றிருந்தது. நாலாயிரத்து முந்நூற்றுப் பதினொன்றில் கால்வாசி அவனுடைய ஒன்பது பெட்டிகள்தான்.

இறுதிப் போட்டி நாள் வந்தது. ஆட்டம் பிற்பகல் இரண்டு மணிக்கு. கைன்சாவும் வெபுகுலுவும் காலை எட்டு மணிக்கே வாடகைப் பெட்டியோடு ஆணையத்தின் வாசலில் நின்றார்கள். காவலர் பெட்டியை ஆட்டிப் பார்த்தார்.

"தங்கச்சி, உள்ள ஏதாவது இருக்கா?"

"ஒண்ணும் இல்லைங்க. காலிப் பெட்டி. மன்னிச்சிருங்க."

வெபுகுலு தலையில் கை வைத்துக்கொண்டான். "அவ பொய் சொல்லிப் பழகலண்ணே. இருக்குன்னு வச்சுக்கங்களேன்."

"நேத்துன்னா வச்சுக்கலாம்" என்றார் காவலர், வருத்தத்துடன். சுவரைக் காட்டினார். பசை காயாத சுற்றறிக்கை. இன்று முதல், சோதனையின்போது கணினி உயிரோடு இருக்க வேண்டும். அதில் ஏதேனும் ஒரு வேலை ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அடி விழும்போது திரை ஒருமுறைகூடச் சிமிட்டக் கூடாது.

கைன்சா அதை மூன்று முறை படித்தாள். "உயிரோட அடிப்பாங்களா?"

"செத்ததை அடிக்கிறது மனிதாபிமானம் இல்லன்னு இயக்குநர் நினைக்கிறார்" என்றார் காவலர்.

போட்டியில் சேர எண் வேண்டும். எண் வேண்டுமானால் கணினியை அடிக்கக் கொடுக்க வேண்டும். அடித்த கணினியில் போட்டி ஆட முடியாது. கைன்சா படிக்கட்டில் உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதாள். வெபுகுலு சுற்றறிக்கையின் அடிப்பகுதிவரை குனிந்து படித்தான்.

"ஏய், இங்க பாரு. எண்ணை எப்ப குடுப்பாங்க? இன்னையிலேர்ந்து மேடையில ஏத்தினதுமே குடுத்துருவாங்க. அடிக்கும் அடிக்கும் நடுவுல இடைவெளி எவ்வளவு? 'இயக்குநரின் உரை முடியும்வரை.' எழுந்திரு. வீட்டுக்குப் போய் உன் பெட்டியைத் தூக்கிட்டு வா."

"எதுக்கு?"

"அந்தாளு பேச ஆரம்பிச்சா நிறுத்த மாட்டார். மேடையிலயே ஆடு."

அவர்கள் மோட்டார் சைக்கிளில் கணினியோடு திரும்பியபோது வரிசை தெருவரை நீண்டிருந்தது. முற்றத்திலிருந்து சம்மட்டிச் சத்தம் வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு சத்தத்துக்கும் வரிசையில் இருந்தவர்கள் தங்கள் பெட்டிகளை இறுக அணைத்தார்கள். ஒரு பெண் தன் மடிக்கணினியின் கண்ணைத் துணியால் மூடினாள்.

பன்னிரண்டரை மணிக்கு வயது நிர்ணய மேசைக்கு வந்தார்கள். அங்கே இருந்தவர் ஒடெக்கே. இருபது ஆண்டுகள் கால்நடைத் துறையில் இருந்து மாற்றலாகி வந்தவர். கணினி பற்றி அவருக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. அவரும் கேட்டுச் சங்கடப்படுத்தவில்லை. பெட்டியைத் திறக்கச் சொன்னார். ஒரு கையால் அதன் முதுகைத் தடவியபடி நினைவகக் குச்சியை உருவி, வரிசையாக மின்னிய தங்கப் பற்களை எண்ணினார்.

"இது பால் பல்" என்றார், புதுக் குச்சியைக் காட்டி. பழையதைப் பார்த்தார். "இது தேய்ஞ்ச பல். வயசு ஏழு. தீனி என்ன?"

"மின்சாரம்" என்றாள் கைன்சா.

"தண்ணி?"

"ஆகாதுங்க."

குறித்துக்கொண்டார். வெளியே கம்பிகளோடு தொங்கிய இரண்டாவது மின்வழங்கியைக் கண்டதும் அவர் முகம் மாறியது. "இது என்ன, நஞ்சுக்கொடி இன்னும் விழலையா? எத்தனை நாளாச்சு?"

"ரெண்டு மாசம்."

"இழுத்துராதீங்க. தானா விழட்டும்" என்றார் கனிவாக.

அப்போது முற்றத்திலிருந்து ஒரு பள்ளிக்கூடக் கணக்கர் ஓடிவந்தார். அவர் கணினியில் எண்ணூறு பிள்ளைகளின் தேர்வு மதிப்பெண்கள் இருந்தன. முதல் அடியில் உள்ளே சுழன்றுகொண்டிருந்த தட்டு கீறிக்கொண்டு நின்றது, திரை சிமிட்டியது, பிறகு இருண்டது. முறைப்படி மற்ற இரண்டு அடிகளையும் அடித்து முடித்திருந்தார்கள். கணக்கர் ஒடெக்கேயின் சட்டைக் காலரைப் பிடித்து, அவர் நெற்றியை மேசையில் மோதினார். மைப்புட்டி உருண்டது. காவலர் ஓடிவந்து கணக்கரின் வாயில் தடியால் ஒரு போடு போட்டார். கணக்கர் விழுந்த இடத்தில் ரத்தம் தெறித்தது. அதன் நடுவே ஒரு பல்.

ஒடெக்கே நெற்றியைத் துடைத்துக்கொண்டு குனிந்தார். பல்லை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"நாப்பத்தாறு" என்றார்.

தரையிலிருந்த கணக்கர் ஆமாம் என்று தலையசைத்தார். ஒடெக்கே திருப்தியுடன் அடுத்தவரைக் கூப்பிட்டார்.

ஒன்றே முக்காலுக்குக் கைன்சாவின் கணினி மேடையில் ஏறியது. எண் எழுதிய சீட்டு அவள் கைக்கு வந்தது. மேடை ஓரத்திலேயே விசைப்பலகையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். வெபுகுலு தன் கைப்பேசியில் இணையத்தைத் திறந்துவிட்டான். கழகம் எண்ணை ஏற்றுக்கொண்டது. காதில் செபெட்டின் குரல் வந்தது.

"எங்கடி போய்த் தொலைஞ்ச? பின்னால என்னடி சத்தம்?"

"ஆணையத்துல இருக்கேன். பெட்டியை அடிக்கப் போறாங்க."

"யாரை?"

"பெட்டியை. நீ வழி சொல்லு, நான் சுடறேன்."

மண்டல இயக்குநர் கருகபா வந்தார். மூங்கில் குருத்தும் நிலக்கடலைச் சாறும் உண்ட களை முகத்தில் இருந்தது. அவர் நாட்டின் மேற்குப் பகுதிக்காரர். 'மண்ணின் மரபோடு இணைந்த சோதனை' என்று தலைமையகம் கேட்டிருந்ததால், இந்த ஊரின் இம்பாலு என்ற விருத்தசேதனச் சடங்கைத் தேர்ந்தெடுத்திருந்தார். அதில் இளைஞர்கள் முகத்தில் மாவு பூசி, ஊர் பார்க்கக் கத்தி முன் நிற்பார்கள். இமைத்தால் குடும்பத்துக்கே அவமானம். ஊழியர் ஒருவர் கணினிமேல் மாவைப் பூசினார். காற்று போகும் துளைகளில் பூச வேண்டாம் என்று கைன்சா கெஞ்சியது மேளச் சத்தத்தில் கேட்கவில்லை. கூட்டம் முணுமுணுத்தது.

"ஐயா, இது ஒத்தப்படை வருசம்" என்று ஒருவர் கத்தினார். "இம்பாலு ரெட்டைப்படை வருசத்துலதான்!"

"கணினிக்குத் தெரிஞ்சது பூஜ்யமும் ஒண்ணும்தான்" என்றார் இயக்குநர். "ஒண்ணு ஒத்தப்படை. நான் ஆராய்ஞ்சுதான் செய்றேன்."

சம்மட்டியோடு நின்ற கிடுடு தலையைக் குனிந்துகொண்டான். மூன்றாம் நிலை உறுதி ஆய்வாளர் என்பது அவன் பதவி. அந்த ஊர்க்காரன். அவன் மாமன் வழியில் கத்தி பிடித்தவர்கள் இருந்தார்கள். "தங்கச்சி," என்று குனிந்து மெல்லச் சொன்னான், "எனக்கு மூணு புள்ளைங்க. மனசுல வச்சுக்காதே."

"பரவாயில்லண்ணே" என்றாள் கைன்சா. சொல்லும்போதே திரையில் ஒருவன் மண்டையைச் சிதறடித்தாள்.

இயக்குநர் ஒலிவாங்கியைத் தட்டினார்.

"நாங்க உடைக்கிறோம்னு வெளிய சொல்றாங்க. தப்பு. நாங்க தட்டிப் பார்க்கிறோம். உடையறது அதுவா உடையுது. நான் வர்றதுக்கு முன்னாடி இந்த ஊர்ல எத்தனை பழைய கணினி இருந்துச்சு? தெரியாது. இப்ப எத்தனை இருக்கு? அதுவும் தெரியாது. ஆனா நடுவுல நாலாயிரத்துக்கு மேல எங்க கையால போயிருக்கு. இதுக்குப் பேர்தான் புள்ளிவிவரம்."

பதிமூன்று சுற்று முதலில் வெல்பவர்களுக்கே கோப்பை. இயக்குநர் உரையில் தம் பிறந்த ஊருக்கு வருவதற்குள் வனாலே நான்கு சுற்று வென்றிருந்தது. அவர் உயர்நிலைப் பள்ளியை முடித்தபோது ஏழு. கல்லூரியில் அவர் சற்று வேகமாகப் படித்துவிட்டார். "ஆகவே, முதல் அடி" என்றார்.

கிடுடு சம்மட்டியைத் தலைக்குமேல் தூக்கி இறக்கினான். பெட்டியின் கூரை கிண்ணம்போல் குழிந்தது. மாவு புகையாக எழும்பியது. கைன்சாவின் பற்கள் கிட்டித்தன. உள்ளே தாய்ப்பலகை செருப்பு ரப்பரின்மேல் ஒரு முறை துள்ளி உட்கார்ந்தது. டியூப் தொட்டிலில் அட்டை ஊசலாடியது. சுழலாத தட்டுக்குக் கீறிக்கொள்ள ஒன்றும் இல்லை.

திரை சிமிட்டவில்லை.

"என்னடி அது, குண்டா?" என்றாள் செபெட் காதில்.

"முதல் அடி. வலப்பக்கக் கதவுல ரெண்டு பேர், பாரு!"

கூட்டத்தில் யாரோ விசிலடித்தார்கள். வெளியே வரிசையில் இருந்தவர்கள் உள்ளே தள்ளினார்கள். காவலர்கள் தடியைச் சுழற்றினார்கள். ஒருவனுக்குக் காது கிழிந்தது, அவன் தன் காதைப் பிடித்துக்கொண்டே, "சிமிட்டலடா, சிமிட்டல!" என்று கத்தினான். பல் போன கணக்கரும் வாயில் துணியை அடைத்துக்கொண்டு முன்வரிசைக்கு வந்துவிட்டார்.

இயக்குநருக்கு இது பழக்கமில்லை. முதல் அடிக்குப் பிறகு வழக்கமாக அவர் இரங்கல்தான் தெரிவிப்பார். தாளைப் புரட்டினார். வெபுகுலு கையைத் தூக்கினான்.

"ஐயா, ஒரு சந்தேகம். உங்க மேசைமேல இருக்கிற கணினியை ஏன் சோதிக்கல?"

"நல்ல கேள்வி" என்று இயக்குநர் மலர்ந்தார். "அது வேலை செய்யுது. வேலை செய்யற பொருளைச் சம்மட்டியால அடிச்சா உடைஞ்சுடாதா? கொஞ்சம் அறிவோட யோசிக்கணும்."

"சரிங்க. இந்தச் சம்மட்டியைச் சோதிச்சீங்களா?"

"சம்மட்டிக்கு முறைப்படி சோதனை உண்டு. ஆண்டுக்கொருமுறை தலைமையகத்துக்கு அனுப்புவோம். அங்க அதைவிடப் பெரிய சம்மட்டியால அடிப்பாங்க."

"அதை எதால அடிப்பாங்க?"

பதினெட்டு நிமிடங்கள் இயக்குநர் அதற்குப் பதில் சொன்னார். சம்மட்டிகளின் படிவரிசை ஒன்று இருந்தது. அதன் உச்சியில் இருந்த சம்மட்டியைக் கண்டவர்கள் யாரும் இப்போது பணியில் இல்லை. பதினோரு சுற்றுக்குப் பதினோரு சுற்று என்று ஆட்டம் வந்து நின்றது.

இரண்டாவது அடி இடப்பக்கத்தில் விழுந்தது. தகடு கிழிந்து உள்ளே மடங்கியது. ஒரு துண்டு தெறித்து வந்து கைன்சாவின் புருவத்தைக் கீறியது. ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. அவள் துடைக்கவில்லை, கை எடுத்தால் செத்துவிடுவாள். சிவப்பாகத் தெரிந்த திரையில் எது நிழல், எது ஆள் என்று தட்டில் கொட்டை பொறுக்குவதுபோல் பொறுக்கினாள். சுட்டாள். பன்னிரண்டுக்குப் பதினொன்று. அடுத்த சுற்று போயிற்று. பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு.

"இது இன்னும் ஓடுதா?" என்றார் இயக்குநர் ஒலிவாங்கியிலேயே.

"ஓடுதுங்க" என்றார் ஒடெக்கே. "நல்ல சாதி. தாய் எங்க வாங்கினதுன்னு கேக்கணும்."

வெபுகுலு மீண்டும் கையைத் தூக்கினான். "ஐயா, உங்க சேவை பத்தி இன்னும் ஒரு வார்த்தை..."

"வார்த்தை முடிஞ்சுது" என்றார் இயக்குநர். அவர் குரலில் முதல்முறையாகக் கோபம் இருந்தது. "அடி. நல்லா அடி. கிடுடு, உன் பதவி உயர்வுக் கோப்பு என் மேசைலதான் இருக்கு."

கடைசிச் சுற்று. வனாலேயில் கைன்சா தவிர நால்வரும் செத்திருந்தார்கள். எதிரில் இருவர். கிடுடு இரண்டடி பின்வாங்கி, ஓடிவந்து, இடுப்பிலிருந்து சம்மட்டியைச் சுழற்றி மேலிருந்து இறக்கினான். மேடையின் சிமெண்டு வெடித்தது. பெட்டி ஒரு முழம் எகிறி ஒருக்களித்து விழுந்தது. நஞ்சுக்கொடி கம்பியில் தாவிச் சுழன்றது. பிளந்த தகட்டின் வழியே, உள்ளே அட்டை ரப்பர் நாடாவில் தொங்கி ஆடுவதைக் கூட்டம் முழுதும் பார்த்தது. அதன் விசிறி மாவைத் துப்பிக்கொண்டே சுழன்றது.

திரை சிமிட்டவில்லை. கைன்சாவும் இமைக்கவில்லை. ஒருவனைத் தொண்டையிலும் மற்றவனைக் கண்ணிலும் சுட்டாள்.

இயக்குநர் மட்டும் இரண்டு கண்களையும் இறுக மூடியிருந்தார்.

காதில் செபெட் அலறினாள். முற்றத்தில் அதைவிடப் பெரிய அலறல். மேளக்காரர்கள் யாரும் கேட்காமலே கொட்டினார்கள். காது கிழிந்தவன் காவலரைக் கட்டிப்பிடித்தான். காவலர் தடியைக் கீழே போட்டுவிட்டு ஆடினார். யாரோ அந்தத் தடியை எடுத்து அவரையே அடித்தார்கள். எழுத்தர் பேரேட்டைத் திறந்து திகைத்துப்போனார். அதில் தேர்ச்சிக்கென்று ஒரு பத்தியே இல்லை. அளவுகோல் வைத்துப் புதிய பத்திக்குக் கோடு கிழித்தார்.

ஒரு வழியாக அமைதி திரும்பியதும் இயக்குநர் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். அவர் முகம் தெளிந்தது.

"கண்ணாடிப் பெட்டியை வெளிய கொண்டாங்க" என்றார். "பத்தொன்பதாம் விதி. தேறிய கணினி நாட்டின் பெருமை. அதைத் தனியார்கிட்ட விட்டா கெட்டுப்போகும். இணைப்பைப் பிடுங்கி, கண்ணாடிக்குள்ள வச்சு, என்னைக்குமே ஓடாம பாதுகாக்கணும். பொண்ணு, உனக்கு ஒரு மாலை உண்டு."

நால்வர் கண்ணாடிப் பெட்டியைத் தூக்கிவந்து மேடையோரம் வைத்தார்கள். விளக்கு பகலிலும் எரிந்தது. கைன்சா அதைப் பார்த்தாள். ஒன்பது மாதச் சேமிப்பு, ஒரு ஜோடிச் செருப்பு, அடுத்த பருவம். புருவத்து ரத்தம் தாடைவரை வந்திருந்தது.

"ஐயா" என்றாள். யாருக்கும் கேட்கவில்லை. "ஐயா. தோத்திருந்தா?"

"தோத்திருந்தா சாக்குல கட்டி வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிருக்கலாம். தொண்ணூறு நாள் ஓட்டியிருக்கலாம். ஆனா நீதான் ஜெயிச்சுட்டியே!"

"முடிவுல திருப்தி இல்லன்னா?"

இயக்குநர் புன்னகைத்தார். "இருபதாம் விதி. மறுசோதனை கேக்கலாம். ஓர் அடி. இதுவரை யாரும் கேக்கல. கேக்கிறதுக்கு அவங்ககிட்ட எதுவும் மிச்சம் இருந்ததில்ல."

"எனக்குத் திருப்தி இல்ல" என்றாள் கைன்சா. "மறுசோதனை வேணும்."

இதைத் தடுக்க ஒரு விதியும் இல்லை. இயக்குநர் மூன்று முறை தேடினார். கடைசியில் கிடுடுவைப் பார்த்துக் கையசைத்தார். கிடுடு சம்மட்டியின் தலையைத் தரையில் ஊன்றினான்.

"முடியாதுங்க."

"என்ன முடியாது?"

"கத்தி முன்னால இமைக்காம நின்னவனை எங்க ஊர்ல ரெண்டாந்தரம் வெட்ட மாட்டாங்க. வெட்டினவன் கை விளங்காது. நீங்கதானே மாவு பூசினீங்க?"

கூட்டம் ஆமாம் என்று உறுமியது. ஒடெக்கே, சினை மாட்டை அடிக்கக் கூடாது என்று தம் பங்குக்குச் சொன்னார். இயக்குநர் தாமே சம்மட்டியைத் தூக்கப் பார்த்தார். அது முழங்கால்வரை வந்து, அவர் காலணிமேல் விழுந்தது. அவர் உட்கார்ந்துவிட்டார். வலியோடு விதியைப் படித்தார்: ஆணையம் நியமிக்கும் எவரும் அடிக்கலாம்.

"நான் அடிக்கட்டுமா?" என்றாள் கைன்சா. "மன்னிச்சிருங்க."

எழுத்தர் அங்கேயே நியமன ஆணை எழுதினார். நான்காம் நிலை உறுதி ஆய்வாளர், ஊதியமின்றி, ஓர் அடிக்கு மட்டும். கைன்சா கையெழுத்திட்டாள். சம்மட்டியை இரு கைகளாலும் பிடித்தாள். பார்த்தவர்கள் அவள் அதைத் தூக்கமாட்டாள் என்று நினைத்தார்கள். காப்பி மூட்டை அறுபது கிலோ என்பதை அவர்கள் மறந்திருந்தார்கள்.

அவள் கூரையைப் பார்க்கவில்லை. பிளந்த பக்கத்தைப் பார்க்கவில்லை. பெட்டியின் முகத்தில் ஓரிடத்தைக் கண்ணால் பொறுக்கினாள். அதன் பின்னால் பழைய சுழல்தட்டு இருந்த வெற்றுக்கூடு மட்டும்தான் இருந்தது. முன்னால் ஒரு பொத்தான். பொத்தானுக்கு இரண்டு கம்பி. அடித்தாள். பொத்தான் உள்ளே புதைந்து, கம்பிகள் ஒன்றோடொன்று நசுங்கின. அழுத்திய பொத்தான் ஐந்து நொடி மீளாவிட்டால் கணினி தானே அணைந்துவிடும். திரை ஒருமுறை சிமிட்டி, இருண்டது.

"தோல்வி!" என்று வெபுகுலு கத்தினான். முற்றம் கைதட்டியது. அந்த ஆணையத்தில் ஒரு தோல்விக்கு அவ்வளவு கைதட்டல் விழுந்ததில்லை. எழுத்தர் தேர்ச்சிப் பத்தியை ரப்பரால் அழித்தார். இயக்குநர் காலைப் பிடித்துக்கொண்டே நிம்மதியுடன் தலையசைத்தார். வாசல் பலகையை மாற்ற வேண்டியதில்லை, எண்ணில் மட்டும் ஒன்றைக் கூட்டினால் போதும்.

வெபுகுலு சாக்கை விரித்தான். கைன்சா அட்டையை ரப்பர் நாடாவோடும், நஞ்சுக்கொடியைக் கம்பியோடும், மற்றதைப் பெட்டியோடும் இறக்கி வாயைக் கட்டினாள். ஒரு பொத்தான் புதிதாக வாங்க வேண்டும். அதுவரை இரண்டு கம்பியைக் கையாலேயே தொட்டுவிட்டால் போதும்.

பிறகு நிமிர்ந்தாள். சம்மட்டி இன்னும் மேடைமேல் கிடந்தது. அதைக் கையில் எடுத்தாள்.

"ஐயா, இதை எங்க வைக்கணும்?" என்று கேட்டாள்.

"எங்கயாவது பத்திரமா வை" என்றார் இயக்குநர், நிமிராமல். "அரசாங்கச் சொத்து."

முற்றத்தில் பத்திரமான இடம் ஒன்றுதான் இருந்தது. விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கைன்சா சம்மட்டியைத் தலைக்குமேல் தூக்கி, அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள்ளேயே வைத்தாள்.

முதலில் அதன் கதவைத் திறக்க வேண்டும் என்று யாரும் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை.